கணக்கில் வராத ஏழு பேர்

கப்பல் கிளம்பும்போது இருநூற்றுப் பதினான்கு பேர்.
ஐந்து சீசனில் செத்தவர் முப்பத்தொன்று,
ஒவ்வொரு சாவுக்கும் என்னிடம் எபிசோடு எண் இருக்கிறது.
கடைசிக் காட்சியில் கேப்டன் சொல்கிறாள்:
"நூற்றெழுபத்தாறு பேர் வீடு திரும்புகிறோம்."
கழித்துப் பாருங்கள்.
ஏழு உதைக்கிறது.

எழுதினவனுக்குக் கழித்தல் வராது என்கிறார் மரியதாஸ்,
கீழ்க் கட்டிலில் வெங்காயம் நறுக்கியபடி.
இருக்கலாம்.
ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும்
ஜுபைல் கேம்ப் முழுக்கத் துவைத்துக் காயப்போடும் நேரத்தில்
மேல்கட்டிலில் போனைச் சாய்த்துவைத்து
நிறுத்தி நிறுத்தி ஓட்டி
கேப்டனுக்குப் பின்னால் நடப்பவர்களை எண்ணுகிறேன்.
வசனம் இல்லாதவர்கள்.
குழாய் பிடித்து நிற்பவர்கள், தட்டு எடுத்துப் போகிறவர்கள்,
ஒரு கதவு திறந்தால் உள்ளே போய்
அப்புறம் வராமலே இருப்பவர்கள்.

அறையில் எனக்குப் பெயர் 'விண்வெளி'.
"விண்வெளி, சாம்பாருக்கு உப்புப் பாரு."
இதனால் பைசா தேறுமா என்று ரஹ்மத்துல்லா ஒருமுறை கேட்டார்.
தேறாது.
"அப்போ கிறுக்குதான்" என்றார், அன்பாகத்தான்.
புதிதாய் வந்த இன்ஜினியர் பையன்
'நெர்ட்' என்று நாசூக்காகச் சொன்னான்.
எந்தச் சொல்லானாலும் சரி.
எல்லாரும் 'போகட்டும் விடு' என்கிற இடத்தில்
எனக்குக் கால் நகராது.
இங்கே கடலைக் குடிநீராக்குகிறோம் நாங்கள்.
அந்தக் கப்பலிலோ
பத்து பார் அழுத்தத்தில் உப்பு பிரிகிறதாம்.
அறுபது வேண்டும் ஐயா, அறுபது!
நள்ளிரவில் கத்திச் செருப்படி பட்டிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு நாள், ஷிப்ட் முடிகிற வேளை,
குளோரின் அலாரம்.
பச்சைப் பலகைக்குக் கீழே ஓடிப்போய்க் கூடினோம்,
ஒரே நிறத்துச் சட்டை, ஒரே நிறத்துத் தொப்பி,
பாதி முகத்துக்குத் துணி.
சூப்பர்வைசர் எண்ணினார். நாற்பத்தாறு.
தாளில் நாற்பத்தேழு.
"எவனாவது லீவில் போயிருப்பான்"
என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

இல்லை சார், என்றேன்.
இரண்டாம் வரிசை, இடது ஓரம்,
எப்போதும் பின்னால் நிற்பவன்.
திகாராம். நேபாளம். வலது காது மந்தம்.
காலையில் கம்பித் தூரிகையோடு
கடல்வாய்ச் சல்லடைப் பக்கம் போனான்,
திரும்பி வருகிற காட்சி இல்லை.

வாயில் வந்த சொல் அதுதான்: காட்சி.
யாரும் சிரிக்கவில்லை.

முகமூடி மாட்டிக்கொண்டு இரண்டு பேர் போய்க் கூட்டி வந்தார்கள்.
கை முழுக்கப் பாசி, சிப்பித் தூள்.
என்ன கூட்டம் இது என்று கேட்டான்.
பொய் அலாரம். சென்சாருக்குள் ஈரம்.
எனக்கு ஒரு டீகூட யாரும் வாங்கித் தரவில்லை.
நாற்பத்தேழு என்று எழுதித் தாளை மூடினார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் திகாராமும் வருகிறான்
ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு.
பாஷை புரியாது, பாதி கேட்காது,
படத்தை மட்டும் பார்க்கிறான்.
போன வாரம், மூன்றாம் சீசனில்,
கேப்டன் அழுதுகொண்டிருக்கையில்
திரையில் விரலை வைத்தான்.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
தரை துடைத்துக்கொண்டு ஒரு முதுகு.

நான் பதினாறு தடவை பார்த்த எபிசோடு.

"யே கௌன்?" என்றான்.

நோட்டைத் தேடினேன், தலையணைக்கடியில் இல்லை.
கீழே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.
மரியதாஸ் தலையை நீட்டினார்,
கண்ணில் நீர், கையில் கத்தி:
"எங்கேடா, காட்டு."